இட்லிப் பானையில் வெந்த பலகை

மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், தட்டில் இட்லி இல்லை. சாண் நீளத்துக்கு அறுத்த பலகைத் துண்டுகள் ஈரத்துணியின்மேல் வரிசையாகப் படுத்திருந்தன. ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு, ஒன்று புளித்த தயிர் நிறம்.

"மூடுடி! ஆவி போவுது பாரு" என்று பின்னாலிருந்து ஓர் அதட்டல்.

அதட்டியவர் சிவகாமி அக்கா. என் கணவரின் அண்ணன் மனைவி. எனக்கு ஓரகத்தி. அந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்து ஓர் ஆடிகூட முடியாத சமயம் அது. இட்லி என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் கண்ணில் படுகிற காலம். அதற்கென்று எடுத்துவைத்த பானையில் மரத்தை அவிக்கிற ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

"எதுக்குக்கா மரத்தப் போட்டு அவிக்கறீங்க?"

"அடுப்பங்கரைக்கு அலமாரி செய்யப் போறோம்ல? நாளைக்கு அதுவும் நம்மளோட சேந்து உள்ள நின்னு வேவணும். எது தாங்கும், எது முறுக்கிக்கும்னு இப்பவே பாத்துட வேணாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது சிரிக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது. கல்யாணத்துக்கு முன்னால் என்னை அந்த வீட்டார் பார்த்ததைவிட அக்கா அந்தப் பலகைகளை அதிக அக்கறையாகப் பார்த்தார்.

இந்தத் தொடரில் என் மாமியாரை எழுதிவிட்டேன். என் கணவரை எழுதிவிட்டேன். எங்கள் வீட்டில் யாருக்கும் அடங்காத எருமையைக்கூட எழுதிவிட்டேன். சிவகாமி அக்காவை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கெட்டவர்களைப் பற்றி எழுத வார்த்தை தானாக வருகிறது. நல்லவர்களுக்குத்தான் தேட வேண்டியிருக்கிறது.

பர்மா போச்சு, தேக்கும் போச்சு

என் புகுந்த வீட்டாருக்கு உடையார்பாளையத்துப் பக்கம் நிலம். மூத்தார், அதாவது அக்காவின் கணவர், கடலை வியாபாரத்தில் இறங்கிய பிறகு ரயிலடிக்குப் பக்கமாக இருந்தால் வசதி என்று அரியலூரில் வீடு கட்டத் தொடங்கினார். நான் வந்தபோது சுவர் எழும்பி ஓடு வேய்ந்திருந்தது. உள்வேலை மட்டும் பாக்கி.

அவருக்கு ஆசை பர்மா தேக்கின்மேல். நிலையும் கதவும் தேக்கில் இருந்தால்தான் வருகிறவன் வாசலிலேயே மரியாதையைக் கற்றுக்கொள்வான் என்பது அவர் கொள்கை. ஆனால் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் கப்பல் நின்றது. கரையில் கிடந்த மரமும் பட்டாளத்துக்குப் போயிற்று. அரியலூர் ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டி நிறைய மரம் போகும். அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி.

கடைசியில் சொந்த நிலத்தில் நின்ற வேம்புகளை வெட்டினார்கள். நிலை, கதவு, சன்னல், உத்தரம் எல்லாம் வேம்பு. தேக்கு கிடைக்காத வருத்தத்தை மூத்தார் சீக்கிரமே பெருமையாக மாற்றிக்கொண்டார். வருகிறவர்களிடமெல்லாம், "வூடு பூரா ஒரே சாதி மரம். பாத்துக்கிடுங்க" என்பார். சீச்சீ இந்தப் பழம் புளிக்கும் என்று சொன்ன நரிக்கும் அவருக்கும் இந்த விஷயத்தில் அதிக வித்தியாசம் இல்லை.

பழைய வீட்டுச் சமையற்கட்டில் அலமாரி என்ற பேச்சே கிடையாது. உறியும் சுவரில் ஒரு மாடமும் இருந்தன. மற்றதெல்லாம் பானைமேல் பானை. மேலே பூனை, கீழே எலி, நடுவில் எறும்பு. ஆளுக்கொரு வேளையாக எங்கள் பண்டங்களைப் பங்கு போட்டுக்கொண்டன. புது வீட்டில் சமையற்கட்டுக்கு ஒரு மர அலமாரி வேண்டும், கதவு வைத்து வேண்டும் என்று அக்கா கேட்டார். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவர் வாய்திறந்து கேட்ட ஒரே பொருள் அதுதான் என்று என் கணவரே சொன்னார்.

மூத்தார் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

எல்லாரும் அறிந்த ரகசியம்

அக்காவுக்குக் குழந்தை இல்லை. நேர்ந்துகொள்ளாத கோயில் இல்லை, குடிக்காத கஷாயம் இல்லை. புது வீட்டுக்குக் குடிபோன கையோடு மூத்தாருக்கு இரண்டாம் தாரம் கட்டிவைத்துவிட வேண்டும் என்று என் மாமியார் முடிவு செய்திருந்தார். பெண்கூடப் பார்த்தாகிவிட்டது. உடையார்பாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம். வசதி குறைவு. நாலு பெண்களில் மூத்தவள். அந்தக் காலத்தில் இதைத் தடுக்கச் சட்டமும் இல்லை, கேட்க ஊரும் இல்லை. நியாயம் என்றே பலர் சொன்னார்கள்.

அக்காவிடம் யாரும் நேராகச் சொல்லவில்லை. ஆனால் அவர் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும். நின்ற பேச்சு எதைப் பற்றியது என்று தெரியாத அளவுக்கு அவர் அசடு இல்லை.

இரண்டாம் தாரம் வந்தால் அடுப்பு யார் கைக்குப் போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிள்ளை பெறுகிறவள் கைக்குப் போகும். மூத்தவள் மாட்டுக்கொட்டகையிலும் புழக்கடையிலும் காலம் தள்ள வேண்டும். அக்காவுக்குத் திரும்பிப் போகப் பிறந்த வீடும் இல்லை. தாய் தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரே தம்பி மலாயாவில். சண்டை தொடங்கியதிலிருந்து அவன் இருக்கிறானா இல்லையா என்றே தகவல் இல்லை. அந்தச் சமையற்கட்டு போனால் அவர் நிற்க இந்த உலகத்தில் வேறு இடம் கிடையாது.

அப்படிப்பட்டவர்தான் அந்தச் சமையற்கட்டுக்கு எந்த மரம் பொருந்தும் என்று பானையில் போட்டு அவித்துக்கொண்டிருந்தார். இன்னும் ஐம்பது வருஷம் தானே ஆளப்போகிற மாதிரி.

அந்த மூக்கு

அக்காவின் மூக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எடுப்பான மூக்கு. அதில் சிவப்புக் கல் மூக்குத்தி. அழகுக்காக மட்டும் கடவுள் அதை வைக்கவில்லை.

ஒரு தடவை எண்ணெய்க்காரர் வாசலில் தூக்கை இறக்கினார். அக்கா உள்ளே குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே, "நல்லெண்ணெய்க்குள்ள எதுக்குங்க இலுப்பெண்ணெய் வந்து குந்திக்கிச்சு?" என்று கேட்டார். எண்ணெய்க்காரர் தூக்கின் மூடியை இன்னும் திறக்கவே இல்லை. மனிதர் தூக்கைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வேறு தூக்கோடு வந்தார்.

என் கணவர் சந்தைக்குப் போய்விட்டு எங்கே என்ன தின்றார் என்பதையும் அக்கா வாசலிலேயே சொல்லிவிடுவார். அந்த மூக்கு எனக்குப் பல விதங்களில் உபகாரம் செய்திருக்கிறது. விவரம் வேண்டாம்.

வெண்ணெய்ச் சோதனை

ஆவியில் வெந்த பலகைகளை எடுத்து நிழலில் ஆறவைத்தார். பிறகு ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஓரத்தைப் பார்த்தார். மாம்பலகை அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. "இதுல கதவு போட்டா ஐப்பசி மழையில சாத்தவும் முடியாது, தொறக்கவும் முடியாது" என்று அடுப்பில் சொருகிவிட்டார். முந்திரிப் பலகை எங்கள் ஊர்ப் பக்கத்துச் சரக்கு. நான் ஆண்டிமடத்துப் பெண். முந்திரிக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசினேன். "ஒங்க ஊரு முந்திரிக்கொட்ட நல்லாத்தான் இருக்கு. மரம் வெறகுக்குத்தான்" என்று அதையும் கழித்துக்கட்டினார்.

வேம்பு, தேக்கு, பூவரசு, பலா நான்கும் வளையாமல் நின்றன. தேக்கு எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? பழைய கட்டில்கால் ஒன்று உடைந்து கிடந்தது. சோதனை என்று வந்தால் எல்லாருக்கும் ஒரே சோதனை என்பது அக்காவின் நீதி.

அடுத்தது இன்னும் வேடிக்கை. ஒவ்வொரு மரத்தையும் சீவிச் சுருள் எடுத்துத் தனித்தனிக் கலயத்தில் போட்டார். நடுவில் ஒரு வாழையிலைத் துண்டு, அதன்மேல் புது வெண்ணெய் ஓர் உருண்டை. வாயைத் துணியால் கட்டி இருட்டு மூலையில் வரிசையாக வைத்தார்.

என் மாமியாருக்கு வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், "எம் மூத்த மருமவ மரத்துக்கு வெண்ண ஊட்டறா. புள்ளைக்கு ஊட்ட வேண்டிய கை, என்னா பண்ணும்?" என்றார். அக்கா காதில் விழும்படிதான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்கா கலயத்தின் துணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினார்.

சில நாள் கழித்துத் துணியை அவிழ்த்தோம். வெண்ணெய்க்கு ஒரு குணம். பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். அக்கா ஒரு விரல் எடுத்து நாக்கில் வைப்பார், கண்ணை மூடுவார், வாயைக் கொப்பளிப்பார், அடுத்த கலயம். எனக்கும் கொடுத்தார்.

தேக்கு வெண்ணெயில் புதுச் செருப்பு வாடை. பூவரசு வெண்ணெய் பரவாயில்லை. ஆனால் அந்த மரம் ஈரம் பட்டால் துணியில் கறை விட்டது. வேம்பில் வைத்ததை நாக்கில் வைத்தவுடன் தெரியவில்லை. விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்ல ஒரு கசப்பு ஏறியது. பலாவில் வைத்தது வெண்ணெயாகவே இருந்தது. கடைந்தெடுத்த அன்றைக்கு இருந்த மாதிரி.

"இதான்" என்றார் அக்கா.

"ஆனா அவிச்சப்ப மஞ்சத் தண்ணி வுட்டுதேக்கா?"

"மஞ்சத்தானடி. அடுப்பங்கரைக்கு மஞ்ச ஆவாதா?"

இதை எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. சமீபத்தில் சென்னையில் என் தம்பி மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறை அலமாரிக்கென்று ஒருவர் சின்னச் சின்னப் பலகைத் துண்டுகளை மேஜைமேல் பரப்பி, "எந்த மரம் வேணும்மா, தேக்கா, ஓக்கா?" என்றார். நான் ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தேன். எல்லாம் ஒரே பசை வாடை. மரத்தின் படம் ஒட்டிய அட்டைகளாம். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நானும் அவரை அப்படித்தான் பார்த்தேன்.

ஆசாரி விட்ட வார்த்தை

அளவெடுக்க ரத்தின ஆசாரி வந்தார். பெரம்பலூர்க்காரர். கை சுத்தம், வேலை சுத்தம், வாய்க்கு மட்டும் தாழ்ப்பாள் கிடையாது. எங்கள் வீட்டுக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது.

கூடத்தில் மூத்தார் உட்கார்ந்திருந்தார். மாமியார் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அக்கா சமையற்கட்டு வாசற்படியில் நின்று, "பலாவுல செஞ்சுடுங்க ஆசாரி" என்றார்.

ஆசாரி முழக்கோலைக் கீழே வைத்தார். "பலாவா? என்னாம்மா இது! தஞ்சாவூருல வீணைக்கு அறுக்கற மரம். அதுல போயி உப்பு மொளவா வைக்கவா?"

"வீணைக்கு ஆவும்னா நெய்க்கும் ஆவும். செய்யுங்க."

"அதுக்கில்லம்மா. வூடு பூரா வேம்பு பூட்டியிருக்கு. நம்ம பக்கம் ஒரு வூட்டுக்கு ஒரே சாதி மரந்தான். ரெண்டு சாதி மரம் பூட்டினா, அந்த வூட்டுக்கு ரெண்டு தாரம்னு எங்கப்பாரு சொல்லுவாரு..."

வெற்றிலை இடிக்கும் சத்தம் நின்றது.

மூத்தார் தலையைக் குனிந்துகொண்டார். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கை நிலையைப் பற்றியிருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை கத்தியதற்கு வேறு யாரோ மாட்டிக்கொண்டார்கள். ஆசாரிக்கு எதையோ மிதித்துவிட்டோம் என்று மட்டும் புரிந்தது. எதை என்று புரியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

இதில் ஒரு கூத்து நடந்தது. அதுவரை "வேம்பு மிச்சம் கெடக்கயில பலா எதுக்கு? பவுசுக்கா?" என்று கரித்துக்கொட்டிக்கொண்டிருந்த என் மாமியார், இடிகல்லை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொன்னார். "அதுக்கென்ன ஆசாரி. ஆசப்படறா. பலாவுலயே செஞ்சு போடு."

மாமியார்க்காரியின் வாயிலிருந்து எனக்குத் தெரிந்து அக்காவுக்குச் சாதகமாக வந்த முதல் வார்த்தை அது. சகுனம் தன் பக்கம் வருகிறது என்றவுடன் வந்த வார்த்தை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கோபம் மட்டும் திடகாத்திரமாக இருக்கிறது.

அக்கா ஆசாரியிடம் திரும்பினார். "ரெண்டு நாள் பொறுங்க. சொல்லி அனுப்பறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

கிணற்றடியில் சொன்னது

மறுநாள் காலை கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தோம். நான் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"அக்கா, வேம்பே போதும்க்கா. வெண்ண லேசாத்தான கசந்துச்சு. கசந்தா கசக்கட்டும். எதுக்கு வீணா அந்தப் பேச்சுக்கு எடம் குடுக்கணும்?"

அக்கா சாம்பலைத் தொட்டுக் குண்டானைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் பயந்தான்டி. இல்லன்னு சொன்னா பொய்யி. ராத்திரி பூரா அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். வேம்புன்னு சொல்லிட்டா மனசுக்கு ஒரு தைரியம்."

"அப்ப சொல்லிடுங்கக்கா."

"சொல்லிடலாம். ஆனா அவுங்க முடிவு பண்ணினா வேம்பு தடுக்குமா? அவ வரத்தான் போறா. வந்தா அவளும் அந்த அலமாரியிலதான கைய வுட்டு நெய் எடுக்கணும்? நாலு பேரு சாப்புடற சோத்துல தெனம் கசப்பு ஏறும். எனக்கு எது நல்ல மரம்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச பொறவு, எம் பயத்துக்காவ இன்னொருத்தி நெய்யக் கசக்க வைக்கணுமா?"

கையில் இருந்த சொம்பைத் தேய்த்ததையே திரும்பத் திரும்பத் தேய்த்தேன். தனக்குக் குழிவெட்டுகிறவளுக்கும் சேர்த்துச் சோறு நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற மனசை நான் அதுவரை கண்டதில்லை. அதற்குப் பிறகும் அதிகம் கண்டதில்லை.

அன்றைக்கே ஆசாரிக்குச் சொல்லி அனுப்பினார். பலா.

மரம் என் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. என் அப்பா கட்டில் செய்வதற்காக ஒரு பலாவை அறுத்துப் பரணில் காயப்போட்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன். அவர் கட்டிலை மறந்து மாட்டுவண்டியில் பலகையை ஏற்றிவிட்டார். "கட்டாந்தரையிலயே படுத்துப் பழகியாச்சு. அந்தம்மா வெண்ண நல்லா இருக்கட்டும்" என்றாராம்.

ஆசாரி அலமாரியைச் செய்தார். வாயை மூடிக்கொண்டு செய்தார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தன் வார்த்தைக்குப் பரிகாரமாகவோ என்னவோ, அவர் கையின் முழு வித்தையும் அதில் இறங்கியிருந்தது. கம்பி வலை கிடைக்காத காலம் என்பதால் கதவில் மெல்லிய சட்டங்களை இடைவெளி விட்டுக் கோத்துக் காற்றுக்கு வழி செய்தார். கால்களை எறும்புக்காகத் தண்ணீர் ஊற்றிய கல்கிண்ணங்களில் நிறுத்தினார்கள். புது மஞ்சளில் அது நின்றபோது அந்த இருட்டுச் சமையற்கட்டுக்குள் யாரோ விளக்கு ஏற்றிவைத்த மாதிரி இருந்தது.

குடிபோனோம். நெய், பருப்பு, புளி, ஊறுகாய் எல்லாம் உள்ளே போயின. எதுவும் எதன் வாசனையையும் வாங்கிக்கொள்ளவில்லை.

பெண் வீட்டார் வந்த நாள்

அறுவடை முடிந்த கையோடு பெண்ணின் தாயும் தாய்மாமனும் வீடு பார்க்க வந்தார்கள். பெண் வாழப்போகிற இடத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

பெண்ணின் தாய் பெயர் சௌந்தரம். களத்துமேட்டில் நின்று காய்த்த கை, தேய்ந்த தோடு, நேரான பார்வை. ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்ததும் அந்தம்மாள், "அடுப்பங்கரையப் பாக்கலாங்களா?" என்று எழுந்தார். என் மாமியார் அழைத்து வந்தார். நானும் அக்காவும் உள்ளே சமையலில் இருந்தோம். அக்கா அன்றைக்கு விருந்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். தன் இடத்துக்கு ஆள் வைக்க வந்தவர்களுக்கு, நெய் விட்டுப் பருப்புக் கடைந்துகொண்டிருந்தார்.

"வாங்க. உக்காருங்க" என்று மணையைப் போட்டார்.

சௌந்தரம்மாள் உட்காரவில்லை. அலமாரியைத் திறந்து பார்த்தார். உள்ளே கையை விட்டுப் பலகையைத் தடவினார். நெய்ச்சட்டியின் மூடியை எடுத்து மோந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"பலாவுங்களா? யாரு எடுத்தது?"

"எங்க ஓரகத்தி வூட்டு மரங்க. எடுத்தது நாந்தான்" என்றார் அக்கா.

"ரொம்ப நல்லாருக்குங்க. ஆனா..." அந்தம்மாள் அலமாரியையும் அக்காவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நீங்க நெடுநெடுன்னு இருக்கீங்க. மேத்தட்ட எதுக்கு இம்மாங் கீழ வச்சிருக்கு? தெனம் குனிய வேண்டியிருக்குமே. ஆசாரி தப்பா அளந்துட்டாரா?"

அக்கா பருப்பு மத்தைக் கீழே வைத்தார்.

"இல்லீங்க. நாஞ்சொல்லித்தான் வச்சாரு. பெரம்பலூருல ஒரு கல்யாணத்துல ஒங்க பொண்ணப் பாத்தேன். என் தோளுக்குத்தான் வரும். மேல வச்சா அதுக்கு எட்டாது. எக்கி எடுத்தா நெய்ச்சட்டி தல மேல வுழும். நான் குனிஞ்சுக்கலாம். அதால ஒயர முடியாதுல்ல?"

சொல்லிவிட்டு மறுபடியும் மத்தை எடுத்தார். குரலில் குத்தல் இல்லை, அழுகை இல்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். எனக்கே அது அப்போதுதான் தெரியும். தினம் அவர் குனிந்து எடுத்ததைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஏன் என்று எனக்குத் தோன்றவில்லை.

சௌந்தரம்மாள் அலமாரிக் கதவைப் பிடித்தபடியே நின்றார். கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் ஒற்றிக்கொண்டு நேராகக் கூடத்துக்கு நடந்தார். என் மாமியார் பின்னாலேயே ஓடினார்.

"அண்ணே, கெளம்பலாம்" என்றார் தன் அண்ணனிடம். பிறகு மூத்தாரைப் பார்த்துச் சொன்னார். "தப்பா நெனச்சுக்காதீங்க. எம் பொண்ணு ஒயரத்தப் பாத்துத் தட்டு வச்சிருக்காங்க ஒங்க சம்சாரம். இப்புடி ஒருத்தி இருக்கற அடுப்புக்கு எம் பொண்ணக் கொண்டாந்து நிறுத்தினா, எங்களுக்குத்தாங்க பாவம். ஏழதான். இம்மாம் பெரிய பாவத்தச் செமக்க எங்களுக்குத் தெம்பு இல்லீங்க."

மாமியார் என்னென்னவோ சொன்னார். வம்சம் என்றார், வாக்கு என்றார். அந்தம்மாள் எதற்கும் மசியவில்லை. மூத்தார் எழுந்தார். வெற்றிலைத் தட்டைத் தன் கையாலேயே எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அக்கா வாசற்படிக்கு வந்தார். "எங்க கெளம்பறீங்க? சமைச்சு வச்சிருக்கேன். பசியோட ஒருத்தரயும் அனுப்பினதில்ல. வந்து உக்காருங்க" என்றார்.

அவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அக்காதான் பரிமாறினார். சௌந்தரம்மாள் போகும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டாம் தாரம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. மாமியார் எடுக்கப் பார்த்தபோது மூத்தார் எழுந்து வெளியே போனார்.

மறுநாள் விடிந்ததும் அக்கா ஆசாரிக்கு ஆள் அனுப்பினார். மனிதர் பயந்துகொண்டே வந்தார்.

"மேத்தட்ட ஏத்தி அடிங்க ஆசாரி."

"எம்மாம் ஒயரத்துக்கும்மா?"

அக்கா அலமாரியின் முன்னால் போய் நிமிர்ந்து நின்று, கையை நீட்டிக் காட்டினார்.

"எனக்கு எட்டற ஒயரத்துக்கு. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போவுது."

ஆசாரி தட்டை ஏற்றி அடித்துவிட்டுப் போனார். அக்கா நெய்ச்சட்டியை எடுத்து அதில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அப்படியே பலகையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு நாளும் பார்த்திராதபடி, வாய்விட்டு அழுதார்.